குடும்ப டிக்கெட்டில் ஒரு படம்

என் சகலையை ஆபீஸில் எல்லோரும் அரைப்புள்ளி என்றுதான் கூப்பிடுவார்கள். திரையில் ஒரு கோடு அரைப் பிக்சல், அதாவது அரைப் புள்ளி, தள்ளி நின்றால்கூட அவனுக்குப் பொறுக்காது. "மங்கலாத் தெரியுது பாருங்க" என்பான். மூக்கு திரையில் இடிக்கும்வரை குனிந்து பார்ப்போம், எங்கள் கண்ணுக்கு ஒரு மண்ணும் தெரியாது. "ஆமாமா, மங்கல்தான்" என்று ஒத்துப் பாடிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம்.

முதலில் அவன் எனக்கு ஆபீஸ் சிநேகிதன். நான் டெஸ்டர். அடுத்தவர் செய்ததில் குற்றம் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. அவன் செய்ததில் மட்டும் ஒன்றும் அகப்படாது. எரிச்சல்பட்டு எரிச்சல்பட்டு, கடைசியில் இப்படிப்பட்ட பையனை வெளியே விடக் கூடாது என்று என் மனைவியின் தங்கைக்கு நானே பேசி முடித்தேன். அதுவரை 'வாடா போடா' என்றிருந்தவன், கல்யாணத்துக்கு மறுநாளிலிருந்து 'வாங்க சகலை' என்று மரியாதைக்கு மாறிவிட்டான். அதையும் அரைப் பிக்சல் பிசகாமல் செய்தான்.

அவர்களுக்கு ஒரே பெண். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம் காய்ச்சல் என்று படுத்தாள், எழுந்திருக்கவில்லை. இதற்கு மேல் இதை எழுத எனக்கு இஷ்டமில்லை.

அவன் அழவில்லை. சொந்தக்காரர்கள் எல்லோரும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், இப்போது உடைவான், அப்போது உடைவான் என்று. அவன் நாற்காலி எடுத்துப் போட்டான், வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தான், யார் எந்த பஸ்ஸில் திரும்ப வேண்டும் என்று சொல்லி அனுப்பினான். அடுத்த வாரமே தலையைச் சீவி, சட்டையை இஸ்திரி போட்டு ஆபீஸுக்கு வந்துவிட்டான். துக்கம் கேட்க வந்தவர்களுக்கு "ம்" என்றான், "சரி" என்றான். கேட்டவர்கள்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள்.

வீட்டிலும் அப்படித்தானாம். சமையலறைக் குழாய் சொட்டியது, வாஷர் மாற்றினான். கதவு கிறீச்சிட்டது, எண்ணெய் விட்டான். பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டுப் பெண்ணின் பையைக் கொடுத்தார்கள். வாங்கி வந்து அலமாரியில் வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தான். என் கொழுந்தியாளால் அதைத் தாங்க முடியவில்லை. அன்று சாயங்காலமே ஒரு பெட்டியோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"கல்லுகூட என்னால குடித்தனம் பண்ண முடியாதுக்கா" என்றாள் என் மனைவியிடம். "ஒரு தடவை, ஒரே ஒரு தடவை எம்முன்னாடி அழுதிருந்தாருன்னா போதும். அவருக்கு ஒண்ணுமே ஆகல. அவ இருந்தாளா இல்லையான்னே தெரியாத மாதிரி இருக்காரு."

என் மனைவி அலமாரியில் பாதியைக் காலி செய்து கொடுத்தாள். காலியானது என் பாதி. என் சட்டைகள் சோபாவுக்குக் குடிபோயின. நான் வாயைத் திறக்கவில்லை, ஏனென்றால் சம்பந்தம் பேசியவன் நான். "நீங்க பார்த்து வெச்ச மாப்பிள்ளை" என்று என் மனைவி ஒரு நாளைக்கு ஒரு முறையாவது சொல்லிக் காட்டினாள்.

அவன் ஞாயிற்றுக்கிழமை தோறும் வருவான். ஹாலில் உட்கார்ந்து கொடுத்ததைக் குடிப்பான். என் கொழுந்தியாள் அறையை விட்டு வெளியே வர மாட்டாள். கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துவிட்டு "வர்றேன் சகலை" என்று எழுந்து போவான். வா என்று அவளைக் கூப்பிட்டதில்லை. கூப்பிட மாட்டானா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தச் சமயத்தில்தான் நகர பஸ் நிர்வாகத்தின் டிக்கெட் ஆப் எங்கள் கம்பெனிக்கு வந்தது. முன்பு யாரோ அவசரத்தில் கட்டிய ஆப். ஒவ்வொரு திரைக்கும் தனித்தனியாகப் படம் ஒட்டியிருந்தார்கள். ஒரு பக்கத்தில் பஸ் நீலமாக இருக்கும், இன்னொரு பக்கத்தில் அதே பஸ்ஸுக்குச் சக்கரமே இருக்காது. இந்தக் குட்டிப் படங்களை, அதாவது எல்லா ஐகானையும், ஒழுங்குபடுத்தி ஒரே குடும்பமாக்க வேண்டும். எங்கள் டீம் லீடர் நல்ல மனுஷி. யாரிடமும் பேச வேண்டாத வேலை என்று யோசித்து, அதை அரைப்புள்ளியிடம் கொடுத்தாள்.

இந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். எஸ்விஜி ஐகான் என்பது போட்டோ மாதிரிப் படம் அல்ல. இங்கிருந்து அங்கே கோடு இழு, அங்கே வளை, இந்த இடத்தை நிரப்பு என்று எண்களாக எழுதி வைத்த செய்முறை. அதனால் நகத்தளவு சுருக்கினாலும் சுவரளவு பெரிதாக்கினாலும் பிசிறு தட்டாது. அந்தச் செய்முறையைக் கம்போனென்ட் ஆக்கி ஒரே இடத்தில் வைத்துவிட்டால், வேண்டிய பக்கத்தில் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும், வந்து நிற்கும். ஓரிடத்தில் திருத்தினால் எல்லா இடத்திலும் திருந்தும். ஓரிடத்தில் கெடுத்தால் எல்லா இடத்திலும் கெடும். இந்த இரண்டாவதை யாரும் சொல்லித் தருவதில்லை.

ஐகானுக்கென்று சொந்த நிறம் கூடாது என்பது அவன் கட்சி. பக்கத்தில் இருக்கும் எழுத்தின் நிறத்தை அது வாங்கிக்கொள்ள வேண்டும். சிவப்பு எழுத்துக்குப் பக்கத்தில் சிவப்பு, சாம்பலுக்குப் பக்கத்தில் சாம்பல். பஸ், சக்கர நாற்காலி, கடிகாரம், ஜன்னல், குப்பைத்தொட்டி என்று ஒவ்வொன்றாகத் திறந்து, உள்ளே எழுதியிருந்த நிறத்தை அழித்துக்கொண்டே வந்தான். காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பான். சாப்பாட்டுக்கு நான் தோளைத் தட்டினால் வருவான், தட்டாவிட்டால் இல்லை. அவனும் அப்படித்தான் ஆகிவிட்டிருந்தான், பக்கத்தில் இருப்பவர்களின் நிறம்தான் அவனுக்கு. நாங்கள் சிரித்தால் வாயை விரிப்பான், அவ்வளவுதான்.

வேலை முடிந்தது. மாற்றத்துக்கு முன்னும் பின்னும் திரையைப் படம் பிடித்து ஒப்பிட்டு, வித்தியாசம் இருந்தால் சிவப்புப் போட்டுக் காட்டும் ஏற்பாடு எங்களிடம் உண்டு. இந்த முறை எல்லா ஐகானுமே மாறியிருந்ததால் எல்லாமே சிவப்பு. கொஞ்சம் பார்த்தோம், கண் வலித்தது, 'அனைத்தையும் ஏற்றுக்கொள்' என்ற பட்டனை டீம் லீடர் அழுத்திவிட்டாள். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் இதைப் படித்தால் தலையைக் குனிந்துகொள்வார்கள், எனக்குத் தெரியும். புரோகிராமைத் திறந்து பார்த்திருந்தாலும் தப்பு பிடிபட்டிருக்காது. அங்கே இருப்பது எண்கள்தான்.

ஆப் வெளியே போன பிறகு ஒரு நாள், என் கொழுந்தியாள் வேலையிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். டிக்கெட் பரிசோதகர் ஏறியிருக்கிறார். அவளுக்கு முன் இருக்கையில் ஓர் அம்மா, அப்பா, சின்னப் பையன். அந்த அம்மா போனில் குடும்ப டிக்கெட்டைக் காட்டினாள். அந்த டிக்கெட்டில் எழுத்து எறும்பு அளவு, படம்தான் பெரிது. பரிசோதகர் படத்தைப் பார்த்தார், பையனைப் பார்த்தார்.

"இது ரெண்டு பேருக்கான டிக்கெட்டும்மா. பையனுக்கு எங்க?"

"இதுதாங்க குடும்ப டிக்கெட்டு. எப்பவும் இதைத்தான் எடுக்கிறோம்."

"படத்துல குழந்தை இல்லையே. நீங்களே பாருங்க."

பஸ் முழுக்கச் சண்டை. என் கொழுந்தியாள் தன் போனைத் திறந்து அந்த டிக்கெட் வகையைத் தேடிப் பார்த்தாள். முன்பு அம்மா, அப்பா, நடுவில் குழந்தை என்று மூன்று உருவம் இருந்த படம் அது. அவளும் என் சகலையும் பெண்ணுமாக மூவரும் அந்த டிக்கெட்டில்தான் போய்வந்துகொண்டிருந்தார்கள். இப்போது ஓர் ஆண், ஒரு பெண். இடது ஓரத்தில் ஒருவர், வலது ஓரத்தில் ஒருவர். நடுவில் ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வந்து போனை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"மாமா, இது உங்க ஆபீஸ்ல பண்ணதுதானே?"

எடுத்துப் பார்த்தேன். "ஏதாவது பிழையா இருக்கும்மா, நாளைக்குப் பார்க்கிறேன்" என்று மழுப்பினேன்.

"அவர்தானே பண்ணாரு?"

நான் சோற்றைப் பிசைந்தேன். அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது.

"வீட்ல இருந்து துடைச்சாச்சு. இப்ப ஊர்ல இருக்கிற போன்லருந்தெல்லாம் துடைச்சாச்சு" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "அக்கா, ஞாயித்துக்கிழமை போய் என் சாமான் எல்லாத்தையும் எடுத்துட்டு வந்துடுறேன். வக்கீலையும் பாத்துடலாம். இழுத்துக்கிட்டே இருக்க வேணாம்."

என் மனைவி என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்து சாம்பலாகியிருக்க வேண்டும். ஏதோ தப்பித்தேன்.

மறுநாள் ஆபீஸுக்குள் நான் புயல் மாதிரிப் போனேன். எனக்கு முன்பே பஸ் நிர்வாகத்திலிருந்து புகார் வந்திருந்தது. ஒன்று குழந்தையைத் திரும்ப வையுங்கள், இல்லையென்றால் இரண்டு பேரையும் சேர்த்து நிற்க வைத்து நடுவில் இருக்கும் ஓட்டையை மூடுங்கள், சாயங்காலத்துக்குள் முடித்துக் கொடுங்கள் என்று எழுதியிருந்தார்கள். டீம் லீடர் அவன் மேஜைக்குப் பக்கத்தில் நின்று அதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். திட்டக்கூட இல்லை. அவன் "சரிங்க" என்றான். அவள் நகர்ந்ததும் நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"ஏன்டா இப்படிப் பண்ணே?" கோபத்தில் 'டா' தானாக வந்துவிட்டது.

"சின்ன சைஸ்ல பார்த்தேன் சகலை. லிஸ்ட்ல வரும்போது நடுவுல இருக்கிறது குழந்தையாத் தெரியல. கறை மாதிரி இருந்துச்சு. சின்ன சைஸ்ல தெளிவா இல்லாததை எடுத்துடணும்னு நம்ம விதியிலேயே இருக்கு. எடுத்தேன்."

"நீயா எடுத்தே? தெரிஞ்சே?"

"தெரிஞ்சுதான்." திரையைப் பார்த்தபடியே சொன்னான். பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்கிற குரல்.

எனக்கு அவனை அறைய வேண்டும் போல் இருந்தது. அறைய முடியாததால் டெஸ்டர் புத்தி முன்னால் வந்தது. "சரி, எடுத்தே. எடுத்தா மிச்சத்தை நடுவுக்கு இழுத்துச் சேர்க்கணும்ல? அரைப் பிக்சலுக்கு எங்க உயிரை வாங்குற ஆளு, இவ்வளவு பெரிய ஓட்டையை அப்படியே விட்டிருக்கே? புதுசா வந்த பசங்ககூட இப்படிப் பண்ண மாட்டாங்களே."

அவன் நாற்காலியைப் பின்னால் தள்ளினான். எழுந்து போய்விடுவானோ என்று நினைத்தேன்.

"சேர்த்துப் பார்த்தேன்" என்றான். "ரெண்டு பேரையும் கிட்டக் கொண்டுவந்தேன். பார்க்க நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா கிட்ட வெச்சா ரெண்டு பேர் மட்டும்தான்னு ஆயிடுது சகலை. எப்பவுமே ரெண்டு பேர்தான் இருந்தாங்கங்கிற மாதிரி. தள்ளி வெச்சா, நடுவுல யாரோ நின்னாங்கன்னாவது தெரியும்."

நான் குற்றம் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவன். இதில் எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

"இப்ப என்ன பண்ணப் போறே?" என்று மட்டும் கேட்டேன்.

"தெரியல. திரும்ப வைக்கணும். பழைய வரியை அப்படியே கொண்டுவந்தா முடிஞ்சுது, ஒரு நிமிஷ வேலை. ஆனா கை வர மாட்டேங்குது. மூடவும் முடியல." அவன் கை மவுஸ்மேல் அப்படியே கிடந்தது. "எனக்கு என்னமோ ஆயிடுச்சு சகலை. ஒண்ணுமே உறைக்க மாட்டேங்குது. அவ என்னைக் கல்லுன்னு சொல்றாளாமே. சரியாத்தான் சொல்றா."

நானே பழையதைத் திரும்ப வைத்துவிடுகிறேன் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. டீம் லீடரிடம் போய், "நாளைக்குக் காலையில முடிஞ்சுடும், நான் பொறுப்பு" என்று அவகாசம் வாங்கிக்கொண்டு, பாதி நாள் லீவு போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். ஐகான் விஷயமாக நான் லீவு எடுத்தது அன்று ஒரு நாள்தான்.

என் கொழுந்தியாள் அன்று வேலைக்குப் போகவில்லை. அவளிடம் அவன் சொன்னதை அப்படியே சொன்னேன். எனக்கு நயமாகச் சொல்லத் தெரியாது. கிட்ட வைத்தால் ரெண்டு பேர் மட்டும் என்று ஆகிவிடுகிறதாம், அதனால் இடத்தை விட்டுவைத்தானாம் என்றேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்த துணியையே பிரித்து மறுபடி மடித்தாள். என் மனைவி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றாள் கடைசியில்.

"அவன் யார்கிட்டயும் சொல்லலம்மா. நான் திட்டினதால வந்துச்சு."

"வண்டியை எடுங்க மாமா."

நாங்கள் அவர்கள் வீட்டுக்குப் போனபோது அவனும் ஆபீஸிலிருந்து சீக்கிரமே வந்து, உடைகூட மாற்றாமல் சாப்பாட்டு மேஜைமேல் லேப்டாப்பை வைத்து உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்தான். வீடு துடைத்து வைத்தது போல் இருந்தது. அலமாரியில் பள்ளிக்கூடப் பை, வைத்த இடத்திலேயே, வார் இரண்டும் ஒரே அளவில் தொங்கும்படி.

"அந்தப் படத்தைக் காட்டுங்க" என்றாள்.

காட்டினான். திரை முழுக்கப் பெரிதாக்கினான். ஓரத்துக்கு ஒருவராக இரண்டு பேர், கத்தியால் நறுக்கிய மாதிரி ஒரு பிசிறும் இல்லாமல். அவள் நின்றபடியே பார்த்தாள்.

"பழசு?"

பழையதைப் பக்கத்தில் திறந்தான். நடுவில் குழந்தை நின்றது. ஒரு வட்டம், கீழே ஒரு குட்டி உடம்பு.

"இது ரொம்ப உயரம்" என்றாள் அவள். "அம்மா தோள் வரைக்கும் வருது."

"பொதுவாப் போட்டது. யாரோ டிசைனர் வரைஞ்சது."

"குறைங்க."

அவன் ஓர் எண்ணை மாற்றினான். குழந்தை கொஞ்சம் இறங்கியது.

"இன்னும்."

மாற்றினான். அவள் தலையாட்டினாள், போதாது என்று. அவன் கையை எடுத்துவிட்டு நாற்காலியைத் தள்ளி எழுந்து நின்றான். நான் என்னவோ என்று பதறினேன். சட்டையின்மேல், விலா எலும்பு முடிகிற இடத்துக்குக் கீழே, உள்ளங்கையைப் படுக்கையாக வைத்தான்.

"இங்கதான். ஓடி வந்தா இங்கதான் முட்டுவா."

"அது ஷூ போட்டா" என்றாள் அவள். அருகே போய் அவன் கையை ஒரு விரல் அளவு கீழே இறக்கினாள். "வீட்ல இருந்தா இங்க."

"ஆமா. இங்க" என்றான் அவன்.

இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். அவன் அப்போதும் அழவில்லை. அழுவான் என்றுதான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன், எல்லோரையும் போல. அவள் அழுதாள். அவன் கையை விடாமல் அழுதாள். அவன் அசையாமல் நின்று, அவள் முடிக்கும்வரை தன் கையை அந்த உயரத்திலேயே பிடித்திருந்தான். கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் ஜன்னல் பக்கம் போய்விட்டேன்.

பிறகு உட்கார்ந்தார்கள், பக்கத்தில் பக்கத்தில். அவன் அந்த உயரத்துக்குத் தகுந்த எண்ணைப் போட்டான். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தாள்.

"கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்க முடியாதா?"

"இந்த அளவுல கை வராது. யாருக்குமே கை இல்ல பாரு."

"அப்ப நாம ரெண்டு பேரும் கிட்டப் போகணும். அவளை ஒட்டி."

"ஒட்டக் கூடாது. நடுவுல கொஞ்சம் வெள்ளை விடணும். ஒட்டினா சின்ன சைஸ்ல மூணு பேருன்னே தெரியாது, ஒரே ஆளாத் தெரியும்."

"தெரியட்டும்" என்றாள்.

அரைப்புள்ளி ஒரு நிமிஷம் யோசித்தான். பிறகு இடதுபக்க உருவத்தை நகர்த்தினான், வலதுபக்க உருவத்தை நகர்த்தினான், இரண்டும் குழந்தைமேல் பட்டபோது நிறுத்தினான். இன்னொருவர் சொல்லுக்காக அவன் தெரிந்தே செய்த தப்பு அது ஒன்றுதான். சேமித்தான்.

நான் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். வீட்டுக்கு நான் மட்டும்தான் திரும்பினேன்.